பெண் கொடுக்கும் முன் விசாகப்பட்டினம் பார்க்கப் போனோம்

இந்தப் பயணம் எப்படி முடியும் என்று வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டிலேயே நான் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. எண்பதுகளின் நடுவில், அறுவடை முடிந்த கையோடு கிளம்பினோம். நான், எங்க அக்கா பேச்சியம்மாள், அக்கா மகள் செல்வி, மூன்றே பேர். மலையும் கடலும் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த ஊருக்குப் போக நினைக்கிறவர்கள் இதை முழுசாகப் படிக்கவும். எங்கள் தாலுகாவில் எனக்கு முன்னால் அங்கே போனவன் எவனும் கிடையாது. இருந்தால் வந்து சொல்லட்டும்.

போன காரணம் இதுதான். டி. கல்லுப்பட்டிப் பையன் முருகேசன், விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், செல்வியைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தான். செல்விக்கும் இஷ்டம். அது அவள் முகத்தைப் பார்த்த எனக்கு மட்டும் தெரியும். அக்காவுக்குத்தான் ஆகவில்லை. "கடலோரத்துல பொண்ணைக் குடுத்துட்டு நான் தூங்க முடியுமாடா? ஒருதரம் அந்தக் கடலைக் காட்டுனா அவளே வேண்டாம்னு ஓடியாந்துருவா" என்றாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதனால் சிம்மாசலம் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டோம்.

கிளம்பும்போதே அக்கா ஒரு கண்டிஷன் போட்டாள். "அவன் வீட்டுல பச்சைத்தண்ணிகூட குடிக்கப்படாது. சம்மதம் சொல்லாம கை நனைச்சா பொண்ணைக் குடுத்த மாதிரி ஆயிரும். அதுலயும் நீ தாய்மாமன். ஞாபகம் வச்சுக்க."

மதுரையிலிருந்து மெட்ராஸ் ஒரு ராத்திரி, ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஒரு பகல் சும்மா உட்கார்ந்துவிட்டு, ராத்திரி கல்கத்தா மெயில் ஏறினால் மறுநாள் மதியம் இறங்கலாம். அது எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவு. ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஏறி, நான் பார்த்த ஒரு பார்வையில் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒரு விஷயம்: அப்போது ஸ்டேஷன் பெயர் வால்டேர். பலகையில் விசாகப்பட்டினத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும். நாங்கள் இறங்கும்போது வண்டி நகர ஆரம்பித்திருந்தது. நான் ஒற்றைக் கையால் நிறுத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முருகேசன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். "வாங்கண்ணே" என்று என் பெட்டியைத்தான் முதலில் வாங்கினான். லாட்ஜ் அவனே பார்த்து வைத்திருந்தான், ஒரு நாளைக்கு முப்பது ரூபாய்.

மறுநாள் சிம்மாசலம். ஊரிலிருந்து பதினாறு கிலோமீட்டர் போல, டவுன் பஸ் உண்டு. மலைமேல் வரைக்கும் வண்டி போகும் என்றாலும், நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டதால் படியேறினோம். ஆயிரம் படி இருக்கும். நான் இரண்டிரண்டாகத் தாவினேன். சாமி வருஷம் முழுக்கச் சந்தனக் காப்புக்குள்ளேயே இருக்கிறார், வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் நிஜ ரூபம். அக்காவுக்கு இது பிடித்துப்போனது. "நம்ம வீட்டு ஆம்பளைகளையும் இப்படி மூடி வச்சா நல்லாருக்கும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

சாயங்காலம் கடற்கரை. எங்களுக்கு வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற பழக்கம். அக்கா கடலுக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில், "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு செண்டு நெல்லு நட முடியலையே" என்று அங்கலாய்த்தாள். செல்வி முழங்கால் வரைக்கும் போய் நின்றுகொண்டு, "அம்மா, இங்க வாயேன்!" என்று கத்தினாள். ஓடி வருவாள் என்று கூட்டிவந்த பெண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அக்கா முகம் சுண்டிவிட்டது.

மூன்றாம் நாள் துறைமுகப் பக்கம். டால்பின் மூக்கு என்று ஒரு மலை, கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது, மேலே கலங்கரை விளக்கம். நம்ம மதுரை யானைமலை மாதிரி நாலு யானைமலை. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் பர்மா தெரியும். எனக்குத் தெரிந்தது. எதிரே மூன்று சின்னக் குன்றுகள். ஒன்றில் சர்ச், ஒன்றில் தர்கா, ஒன்றில் பெருமாள் கோயில். மூன்றையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம், நடக்கிற காலாக இருந்தால்.

மதியம் முருகேசனின் குவார்ட்டர்ஸ். சரிவில் கட்டின ஒற்றை அறை. சாப்பிட மாட்டோம் என்று சொல்லியும் நாலு இலை போட்டு, சோறும் வஞ்சிர மீன் குழம்பும் வைத்துவிட்டான். அக்கா இலைகளைப் பார்க்காத மாதிரி, பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மாவோடு கொல்லைப்புறக் குழாயைப் பார்க்கப் போனாள். அந்தம்மாவுக்குத் தமிழ் வராது, அக்காவுக்குத் தெலுங்கு வராது, ஆனாலும் கால் மணி நேரம் பேசினார்கள்.

அந்த நேரத்தில்தான் நான் திட்டம் போட்டு இலையில் கை வைத்தேன்.

அக்கா திரும்பி வந்தாள். ஒரு இலையில் சோறு பாதி காலி.

"எவன்டா கை நனைச்சது?"

"நான்தான்க்கா."

"பொறந்த வீட்டு மானத்த ஒரு துண்டு மீனுக்கு வித்துட்டியேடா தவசி! ஒரு நேரம் வயித்தக் கட்ட முடியல உனக்கு?"

"பசிச்சுச்சுக்கா."

முருகேசன் கரண்டியும் கையுமாக நின்றான். செல்வி குனிந்த தலை நிமிரவில்லை. அக்கா அவளை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் முருகேசனிடம் திரும்பினாள். "கொழாயில ரெண்டு வேளையும் தண்ணி வருமாமே?"

"வரும்மா. நல்ல தண்ணி."

"எங்க ஊர்ல ஒரு வேளைக்கே சண்டை" என்று சொல்லிக்கொண்டே அக்கா இலை முன்னால் உட்கார்ந்தாள். "இனி என்ன, போடுங்க தம்பி. பொண்ணைக் குடுத்தாச்சு, பசியோட போவானேன்."

தை மாசம் கல்யாணம்.

இப்போது போகிறவர்களுக்கு: மழை விட்டபின் மார்கழி, தையில் போங்கள், சித்திரை வெயிலில் வேண்டாம். கடலில் கால் நனைக்கலாம், குளிக்க இறங்காதீர்கள், அலை உள்ளே இழுக்கும். பீமிலி வரைக்கும் கடலை ஒட்டியே போகிற ரோட்டை விட்டுவிடாதீர்கள். பஸ்ஸில் உட்காரும்போது வலது ஜன்னல்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டு நேற்று செல்விக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறாள். மீன் குழம்பு இடம் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இலையில் கை வைத்தது நான் இல்லை. அக்கா அந்தப் பக்கம் போனதும் செல்விதான் உட்கார்ந்தாள், யாரையும் கேட்கவில்லை, பிசைந்து நாலு வாய் தின்றாள். அக்கா வரும்போது அவள் வலது கை முந்தானைக்குள் இருந்தது. பெண்ணே போய்க் கை நனைத்தாள் என்று ஊரில் பேச்சு வரக்கூடாதே என்றுதான் நான் வாயைத் திறந்தேன். என் கை காய்ந்துதான் கிடந்தது.

"நான் தின்ன சோத்துக்கு இம்புட்டு வருசமா நீங்க ஏப்பம் விட்டுக்கிட்டு இருக்கீக மாமா" என்றாள். "போதும். என் பேரைப் போட்டே எழுதுங்க."