பிசிறு இல்லாத கொக்கி

திருச்செங்கோட்டில் அவர் ஒரு லேத் பட்டறைக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பாகம் கடைந்து பழகிய கை. வலது கன்னத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும். கடைந்து முடித்த ஒவ்வொன்றையும் அந்தக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். விரல்கள் காய்த்துப்போனதால் பிசிறு தெரியாதாம், கன்னம் ஏமாறாதாம்.

ராணுவத்துக்கு ட்ரோன் செய்யும் ஒரு கம்பெனிக்குப் பாகங்களைச் சோதித்து வாங்குவது என் வேலை. எங்கள் ட்ரோனின் அடியில் மாட்டும் கொக்கி ஒன்று சோதனைகளில் திறக்காமல் அடிக்கடி சிக்கிக்கொண்டது. காரணம் எங்கள் இன்ஜினியர்களுக்கே பிடிபடவில்லை. அவர்தான் அதன் முனையை ஒரு மயிரிழை மழுக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதைச் சொல்லிப் பாராட்டத்தான் அன்று போனேன்.

சிரித்தபடி கேட்டார். "ஏனுங்க, இந்தக் கொக்கி என்னத்தைப் புடிச்சிருக்குமுங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "குண்டுங்க. மேல போனதும் கொக்கி தொறந்து கீழ விட்டுரும்" என்றேன்.

"சிக்கிக்கிச்சுன்னா என்னாகுமுங்க?"

"விழாதுங்க. ட்ரோன் அதோடயே திரும்பி வந்துரும்."

மிஷினை நிறுத்தினார். "அதையத்தானுங்களா நான் சரி பண்ணிக் குடுத்தேன்?"

கொஞ்ச நேரம் கழித்து மிஷினை மறுபடி ஓட்டினார். அடுத்த கொக்கியைக் கன்னத்தருகே கொண்டுபோனவர், தேய்க்காமலே தட்டில் போட்டார். மீதியையும் அப்படியே போட்டார்.

அவற்றை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் நானே என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றையாவது கழித்துவிடக் காரணம் கிடைக்காதா என்று தேடினேன்.

ஒன்றில்கூடப் பிசிறு இல்லை.