தேயிலைதானே என்று நினைத்தேன்

என் கணவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் ஊர் மாங்கேணிக்கும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குமாகப் பஸ்ஸிலேயே காலம் போகிறது. பச்சைத் தேயிலைச் சத்து புற்றுநோயைக் கரைக்கும் என்று போனில் வந்ததை நம்பி, வெளிநாட்டிலிருக்கும் தங்கையிடம் அந்தச் சத்து அடைத்த குளிசைப் போத்தலை எடுப்பித்துத் தினமும் விழுங்கக் கொடுத்தேன். "வேற மருந்து எடுக்கிறீங்களா?" என்று டொக்டர் கேட்கும்போதெல்லாம், தேயிலை மருந்தா என்று நினைத்து, "இல்ல" என்பேன்.

போன மாதம் ஈரல் பழுதாகிறது என்று கீமோவை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் போத்தலைக் காட்டினேன். "ஆய்வுகூடத்தில புற்றுநோயக் கரைச்சதெல்லாம் உடம்பில நடக்காதம்மா. இந்தக் குளிசையில இருக்கிற அளவு செறிவை ஈரல் தாங்காது" என்றார் டொக்டர்.

திரும்பும் பஸ்ஸில் கணவர் சொன்னார்: "அதப் போட்டா வயிறு எரியும். நீ ஆசையாத் தாற, அதான் பேசாம விழுங்கின நான்."

குளிசையை நிறுத்தியபின் ஈரல் தேறியது. கீமோ மறுபடி தொடங்கியிருக்கிறது. இப்போது எதையும் கொடுக்குமுன் டொக்டரைக் கேட்கிறேன். கொடுத்தபின் உடம்புக்கு எப்படி என்று இவரையும் கேட்கிறேன்.