விரல் வைத்த பதினொரு பேர்

சீனாவின் ஹெபெய் சமவெளியில் கெங் ஷுவானுக்கு இருந்தது அரை ஏக்கர் கோதுமை நிலமும் படுக்கையில் கிடந்த தாயும்தான். நிலப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளாமல் அந்த ஊரில் யாரும் கடன் கொடுத்ததில்லை. புதிதாக வந்த கடன் சங்கமோ பத்திரமே கேட்கவில்லை. சங்கத்தில் பன்னிரண்டு பேர். ஒருவன் கடன் வாங்கினால் மற்ற பதினொரு பேரும் கட்டைவிரலை மையில் தோய்த்துக் கடன்சீட்டில் வைக்கவேண்டும். அவன் கட்டாவிட்டால் அவர்கள் கட்டவேண்டும். விதை, மாடு, கிணறு இவற்றுக்குத்தான் பணம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கிடையாது.

மழை பொய்த்த வருடம் அது. பயிரைக் காப்பாற்றக் கிணறு வெட்டவேண்டும் என்று ஷுவான் இருபது வெள்ளிக்காசு கேட்டான்.

"இவன் குடிக்கமாட்டான், சூதாடமாட்டான்," என்றான் விரல் வைத்த தச்சன் லுவான். "பேச ஆரம்பிச்சா நமக்குத் தூக்கம் வரும். அது ஒண்ணுதான் குறை."

பணம் கைக்கு வந்த நான்காம் நாள் தாய் இறந்துபோனாள்.

சவப்பெட்டி வாங்க ஷுவான் சங்கத்துப் பணத்தைத் தொடவில்லை. வீட்டுக் கதவைக் கழற்றினான். லுவான் கூலி வாங்காமல் அதைப் பெட்டியாக்கித் தந்தான். ஆனால் அந்த ஊர் வழக்கப்படி தாய்மாமன் பார்த்துச் சரியென்று சொல்லாமல் பெட்டிக்கு ஆணி அடிக்க முடியாது.

மாமா பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "வீட்டுல இருபது வெள்ளிய வச்சுக்கிட்டு எங்கக்காவக் கதவுல வச்சா அனுப்புற?"

"அது என் காசு இல்ல மாமா. பதினோரு பேர் விரல் வச்ச காசு."

"அப்ப அந்தப் பதினோரு பேரையும் வந்து அழச் சொல்லு. அதுவரைக்கும் ஆணி இல்ல."

பேச்சு ஊருக்குள் போயிற்று. பொழுது சாய்வதற்குள் பதினொரு பேரும் வந்தார்கள். தாய் செத்தால் பெற்ற பிள்ளை மட்டுமே கட்டும் வெள்ளைச் சணல் துணி எல்லார் தலையிலும் இருந்தது. அதில் ஏழு பேருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். தன் தாய் இருக்கும்போது அந்தத் துணியைத் தொடக்கூட அங்கே யாரும் துணியமாட்டார்கள். அவர்கள் வரிசையாக மண்டியிட்டு நெற்றியை மண்ணில் வைத்தார்கள்.



"நீங்கள்லாம் இவளுக்கு என்ன உறவு?" என்றார் மாமா.

லுவான் நிமிரவில்லை. "இவன் கடனுக்கு நாங்க பொறுப்பு. அம்மாவ மட்டும் தனியாப் பிரிக்கிறதா?"

மாமா அந்தத் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு சுத்தியலைக் கேட்டு வாங்கி, முதல் ஆணியைத் தானே அடித்தார்.

மறுவாரம் கிணற்றில் பதினேழடியில் தண்ணீர் வந்தது. கடன் இரண்டு அறுவடையில் தீர்ந்தது. ஆனாலும் வசந்தத்தில் கல்லறைகளுக்குப் புது மண் இடும் நாளில், ஷுவான் சாகும்வரை, அவன் தாயின் மேட்டுக்குப் பன்னிரண்டு வீட்டு மண்ணும் வந்தது.