செம்புக் கம்பியில் வந்த ஈயம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிச் சுருளில் அலுமினியத் துகள்கள் மினுங்குவதைத்தான் முதலில் பார்த்தேன். சின்ன வயதில் குடியிருந்த நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்வாசலும் மண்ணெண்ணெய் வாசனையும் நினைவுக்கு வந்தன.

அப்பா சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். மந்தாரக்குப்பத்து கான்ட்ராக்டர் ஒருவர் தன் லைசென்ஸ் ரிவால்வரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சித்தப்பாவுக்கு அவரிடம்தான் வேலை கேட்டிருந்தோம்.

"பீரோவுலயே கெடந்து துரு புடிச்சிருக்கும். சுத்தம் பண்ணிக் குடுப்பா. உன் தம்பி விஷயம் ஞாபகம் இருக்கு."

அவர் போனதும் அப்பா பாத்திரம் தேய்க்கும் கம்பிச் சுருளை ஒரு குச்சியில் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, துப்பாக்கிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். விரித்திருந்த செய்தித்தாளில் விழுந்தது துரு அல்ல. வெள்ளி நிறச் சீவல்கள். ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்தார்.

"ஈயம். செம்பு ஒற இல்லாம, கையால உருக்கி வார்த்த குண்டச் சுட்டாதான் இப்படி ஒட்டிக்கினு இருக்கும். மருந்துக் கரியும் புதுசா இருக்கு."

"பீரோவுல கெடந்ததுன்னாரே?" அம்மா கதவைச் சாத்தினாள். "பீரோவுல எலியச் சுட்டாராமா? அப்படியே திருப்பிக் குடுத்துடுங்க."

"குடுத்தா தம்பி வேல?"

"தொடச்சிக் குடுத்தா நாளைக்கு போலீசு உங்களத்தான கேக்கும்?"

அப்பா குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். உள்ளே விட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை தேய்த்தார்.

அடுத்த வாரமே சித்தப்பா ஷிப்டுக்குப் போகத் தொடங்கினார்.