முலாம் பூசிய ஓட்டைக் காலணா

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் செம்பை மிச்சம் பிடிக்க, வெள்ளைக்காரன் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டு அச்சடித்தான். அந்தக் காசுகளை நான் சேர்க்கிறேன், அதிலும் மனிதர் கைபட்டுக் கெட்டவற்றை மட்டும். கூரைத் தகரத்துக்கு வாஷராக ஆணியடித்தது, ஓட்டையை ஈயத்தால் அடைத்தது, தங்க முலாம் பூசியது என்று வீட்டில் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. திருப்பதியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் சித்தூர் பஸ் ஏறுமுன், துணி விரித்துப் பழைய காசு விற்பவர்களிடம் நின்று பேரம் பேசுவேன். முலாம் பூசியதை யாத்திரிகர்களுக்கு ஐந்நூறுக்குத் தள்ளிவிடும் அவர்கள், என்னிடம் இருபதுக்கு மேல் வாய் திறப்பதில்லை. இதில் எனக்கே என்மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

சித்தூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் இரண்டாயிரத்துக்குப் போகும், பணம் ஆண்டவருக்குப் போவதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு உட்கார எனக்கு வரவில்லை.

மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்யும் சபைக்காரப் பெண் ஒருத்தி, ஏலம் தொடங்குமுன் என்னிடம் வந்து கைக்குட்டையைப் பிரித்தாள். உள்ளே ஓர் ஓட்டைக் காலணா தகதகவென்று இருந்தது.

"எங்க நைனாவோடதுண்ணா. பொண்ணு டெங்குல படுத்துக்கினு இருந்தப்ப, பொழைச்சா வீட்டுல இருக்கிறதுலயே வெலை ஜாஸ்தியானதைக் குடுக்கிறேன்னு பொருத்தனை பண்ணேன். இது லட்ச ரூபா போவுதுன்னு யூடியூப்ல சொல்றாங்க. அழுக்கா இருந்திச்சின்னு திருப்பதில குடுத்து முலாம் போட்டேன். எவ்ளோ போவும்ணா?"

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு தலையாட்டல். நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். லட்சமெல்லாம் புரளி, மூட்டை மூட்டையாக அடித்த காசு இது, முலாம் போடாமல் இருந்தால் நூறு கிடைத்திருக்கும், இப்போது இருபதுதான் என்று பொறுமையாக விளக்கினேன். ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லவில்லை.

"அப்போ வெலை ஜாஸ்தியானது இது இல்ல," என்றாள். கைக்குட்டையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏலம் பாதியில் இருக்கும்போது ஒரு மோதிரத்தோடு திரும்பி வந்தாள். கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா போட்டதாம். கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் பெட்டியிலிருந்து எடுப்பாளாம். எல்லார் முன்னாலும் அதை என்னிடம் நீட்டினாள். குத்திக்காட்ட அல்ல, என்னை நம்பித்தான்.

"இதையாவது பாத்து சொல்லுங்கண்ணா. ஆண்டவர்கிட்ட பொய் சொன்னதா ஆவக்கூடாது."

பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. உள்விளிம்பில் முலாம் தேய்ந்து செம்பு தெரிந்தது. கவரிங். அம்மா தெரிந்தே போட்டாளோ, அவளை யார் ஏமாற்றினார்களோ. ஒரு பொருளின் விலையைச் சொல்ல எனக்கு முதல்முறையாகப் பயமாக இருந்தது.

"நல்ல தங்கம்தாம்மா," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது: வேறு யார் எடுத்தாலும் நாளைக்கே உரசிப் பார்க்க ஆசாரியிடம் போவார், அவள் மானம் போகும். நானே எடுத்தாக வேண்டும். பங்காருபாளையத்து மாங்காய் மண்டிக்காரர் ஐயாயிரத்தில் ஆரம்பித்தார். நான் ஆறு என்றேன். விலை தெரிந்தவனே விடாமல் கேட்கிறான், சரக்கு பெரிதாகத்தான் இருக்கும் என்று அவரும் விடவில்லை. "ஒகட்டோ சாரி, ரெண்டோ சாரி" என்று ஏலம் விட்டவர் ஒருதரம், இரண்டுதரத்தைத் தெலுங்கில் இழுத்து இழுத்து என் பிராணனை வாங்கினார். நான் இருபத்தோராயிரம் என்றதும் மண்டிக்காரர் கையை இறக்கினார்.

வெளியே வந்தபோது அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஜாஸ்தி குடுத்துட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா, சரியான விலைதான்," என்றேன். விலை விஷயத்தில் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததால், அவள் அதையும் நம்பினாள்.