தெரிந்தே கொடுத்தவர்

போடியில் அந்த மருந்துக்கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். யாருக்கு என்ன மாத்திரை என்பது சீட்டில்லாமலே அவருக்கு மனப்பாடம். ஏழு வருடமாக, நான் வாய் திறக்குமுன் என் பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தவர்.

பன்னிரண்டு நாளாகத் தீட்டு நிற்காமல், ஏலக்காய் எடுக்க மலைக்கு ஜீப்பேற முடியாதபோது அவரிடம்தான் சொன்னேன்.

"இதுக்குப் போயி டாக்டரா ஆத்தா? இதப் போடு, வெரசா நின்னுரும்" என்று ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். தீட்டு நின்றது. மூன்றாம் வாரம் கால் வீங்கியது.

"கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கும்மா. பிரஷர் இருக்கவங்களுக்கு இந்த மாத்திரை ஆகாது" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா.

பிழைத்து வந்து கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணே, எனக்குப் பிரஷருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் ஆத்தா. நீ ரத்தத்த நிப்பாட்டத்தான கேட்ட?"

அவரை மன்னிக்க மனசு கொடு என்று தினமும் விளக்கேற்றி அம்மனிடம் வேண்டுகிறேன். இன்னும் வரவில்லை.