பந்தி விளையாட்டும் ஒரு வேலை விண்ணப்பமும்

வீடியோ கேம் செய்யும் கம்பெனிகளுக்கு நான் முதலில் அனுப்பிய விண்ணப்பம் நான்கு பக்கம் இருந்தது. கல்லூரியில் வாங்கிய சான்றிதழ்கள் எல்லாம் அதில் வரிசையாக நின்றன. பேச்சுப் போட்டியில் வாங்கியதைக்கூட விடவில்லை. ‘சிறு வயது முதலே விளையாட்டுகளின் மீது தீராத ஆர்வம் கொண்டவள்’ என்று தொடங்கும் ஒரு கடிதமும் கூடவே போகும். நாகர்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஏதாவது ஒரு கம்பெனிக்கு அதை அனுப்பிவிட்டுத்தான் காப்பி குடிப்பேன்.

பதில் வந்தது ஒரே ஒரு பெங்களூர் கம்பெனியிலிருந்து. அதுவும் இரண்டு வரி. ‘விளையாட்டுகள் பிடிக்கும் என்கிறீர்கள். நீங்களே செய்த விளையாட்டு ஏதாவது இருந்தால் காட்டுங்கள்.’

முடித்த விளையாட்டு என்று என்னிடம் எதுவும் இல்லை. பாதியில் விட்டது ஒன்று இருந்தது. ஒரு டிராகன், ஒரு கோட்டை, வாளோடு ஒருத்தி. அவள் நடப்பாள், குதிப்பாள், கோட்டை வாசலில் போய் நின்றுவிடுவாள். கதவு திறப்பதை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை.

குவைத்தில் நர்ஸாக இருக்கும் என் அக்கா அப்போது நீண்ட லீவில் வந்திருந்தாள். கட்டிலில் படுத்தபடியே என் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தாள்.

“ஏட்டி, டிராகனை நீ எங்க கண்ட?”

“எல்லா கேம்லயும் இருக்கும்க்கா.”

“பின்ன ஒனக்க கேம் எதுக்கு?”

எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் டிராகனைத் திரும்பத் திறக்கவும் மனம் வரவில்லை.

அந்த வாரமே தக்கலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் பந்தியில் இடம் கிடைக்காமல், சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் நானும் அக்காவும் காத்து நின்றோம். விளம்ப ஆள் போதவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையில் பப்படக் கூடையைத் திணித்தார்.

“மக்கா, சும்மாதான நிக்க? இதைக் கொஞ்சம் விளம்பு.”

பட்டுச் சேலையோடு பந்திக்குள் இறங்கினேன். எனக்குப் பின்னால் சாம்பார் வாளிக்காரர் குதிகாலை மிதிக்காத குறையாக வந்துகொண்டிருந்தார். ஒருவர் இலைமேல் கையை விரித்து மறைத்தார், ஒருவர் நான் தாண்டிப் போனபிறகு “இங்க ஒண்ணு” என்று கூப்பிட்டார். திரும்பினால் சாம்பார் மேலே கொட்டும், திரும்பாவிட்டால் அவர் முகம் வாடும். வரிசையின் கடைசிக்கு வந்தபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது, சிரிப்பாகவும் வந்தது. உடனே இன்னொரு தடவை போகவேண்டும் போலிருந்தது.

பஸ்ஸில் வரும்போது அக்காவிடம், “பந்தி விளம்புறதை கேமா செய்யப் போறேன்” என்றேன்.

“கொள்ளாம், நல்லா இருக்கும்,” என்றாள். “பாயசத்தை மறந்துராத, கேட்டியா.”

அலுவலகம் விட்டு வந்த மாலைகளிலெல்லாம் அதைச் செய்தேன். இரண்டு வரிசை இலைகள், நடுவே ஓடும் ஒருவன், அவன் கையில் மாறி மாறி வரும் வாளிகள். அவ்வளவுதான். ஓரளவு ஓட ஆரம்பித்ததும் அக்காவை உட்கார வைத்தேன். வாழ்க்கையில் ஒரு கேமும் ஆடாதவள் அவள். நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரே இலையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாப்பிடுகிறவர் முகம் சிவந்தது. ‘போதும்’ என்பதற்கு நான் வைத்திருந்த அடையாளம் அது.

“இந்த ஆளுக்கு என்ன, பிரஷர் கூடிப்போச்சா?”

“இல்லக்கா, அது என்னன்னா...”

“நீ மிண்டாத. கம்பெனிக்காரன் ஆடும்போ நீ பக்கத்துல இருந்து சொல்லுவியா?”

சிவந்த முகத்தை எடுத்துவிட்டு, இலைமேல் விரியும் ஒரு கையை வரைந்தேன். மறுநாள் அதைப் பார்த்ததுமே அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினேன். ஒரே பக்கம். தொட்டதும் ஆடக்கூடிய மாதிரி கேமின் இணைப்பு, ஒரு சின்ன வீடியோ, சிவந்த முகம் கையாக மாறிய கதை. பேச்சுப் போட்டிச் சான்றிதழ் வெளியே போனது. அந்த பெங்களூர் கம்பெனி செய்திருந்த கேமைக் கடைசிவரை ஆடிவிட்டு, அதில் மிகவும் பிடித்த ஓர் இடத்தையும் நான் தடுக்கி நின்ற ஓர் இடத்தையும் எழுதினேன். ‘தீராத ஆர்வம்’ மட்டும் பழக்கத்தில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. படித்துப் பார்த்த அக்கா, “ஆர்வம் இல்லாதவளா அப்ளை பண்ணுவா?” என்று அதை அழித்தாள்.

சில நாளில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். திரையில் இரண்டு பேர். அதில் ஒருவர் சென்னைக்காரர்.

“பாயசத்துக்கு அப்புறம் ரசம் வருதே, இதை மாத்த மறந்துட்டீங்களா?”

“இல்ல சார், எங்க ஊர்ல அப்படித்தான். பாயசம் முடிஞ்சுதான் ரசம், மோர்.”

“இனிச்ச வாயில ரசமா?”

“ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பாருங்க சார்.”

கதவுக்குப் பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. அவரும் சிரித்தார். திரையில் அவரோடு இருந்த பெண்மணி மட்டும் சிரிக்காமல், “இந்த வழக்கம் தெரியாதவங்க எப்படி ஆடுவாங்க?” என்றார். அதை நான் யோசித்ததே இல்லை. வாய்விட்டே யோசித்தேன்.

“முதல் பந்தியில பழகின ஆள் ஒருத்தர் முன்னால போகட்டும். அவருக்குப் பின்னால பப்படக் கூடையோட போனா மட்டும் போதும். அதுக்குள்ள வரிசை பிடிபட்டுரும்.”

அந்தப் பெண்மணி தலையாட்டிக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

அக்கா குவைத்துக்குத் திரும்பிய பிறகுதான் வேலை உறுதியானது. உதவி வடிவமைப்பாளர். முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன். அவள் போட்ட கூச்சலில் அறையில் இருந்த தோழிகளெல்லாம் கூடிவிட்டார்கள். உடனே கேமைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். அன்று சாயங்காலமே அங்கிருந்து முதல் புகார் வந்தது.

“ஏட்டி, கொளச்சல் கடற்கரைக்காரி ஒருத்தி இங்க சண்டைக்கு நிக்கா. மீன் இல்லாம என்ன பந்தின்னு கேக்கா.”